எனக்குக் கொஞ்சம் தண்ணி

செட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. ஒரு பக்கம் ஆணி துருத்திய பலகை, மறுபக்கம் கறுப்புத் திரை. ஒரு காமெடி ஸ்கிட் முடிந்து அடுத்த ஸ்கிட் தொடங்கும் முன் டிவியில் ஓடுகிற விளம்பரத்துக்குள், அந்தச் சந்தில் வைத்து நடிகர்களுக்கு உடை மாற்ற வேண்டும். அதுதான் என் வேலை. சட்டை, கோட்டு எல்லாவற்றுக்கும் முன்பக்கம் பொய்ப் பொத்தான். முதுகை நீளவாக்கில் வெட்டி வெல்க்ரோ ஒட்டுப்பட்டை தைத்திருப்போம். 'சர்'ரென்று இழுத்தால் டாக்டர் கையோடு வந்துவிடுவார். அடுத்ததை மாட்டி முதுகில் அழுத்தினால் போலீஸ்காரர் தயார். நடிகர் கண்ணை மூடிக்கொண்டு, குளிப்பாட்டக் காத்திருக்கும் குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டி நிற்க வேண்டும். பேசக்கூடாது, கண்ணாடி பார்க்கக்கூடாது. நான் இரண்டு தட்டுத் தட்டினால் கண்ணைத் திறந்து நேரே வெளிச்சத்துக்குள் போய்விடலாம். அந்தத் தட்டை நம்பித்தான் எல்லோரும் போகிறார்கள்.

என் அண்ணனும் அப்படித்தான் போவான். நிகழ்ச்சியின் பெரிய ஆளே அவன்தான். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதை அவன் வாரம் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவான்.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'வாய்விட்டு'. ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரலையில் வரும். வீட்டில் எல்லோரும் தட்டோடு உட்காரும் நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்லும். யார் சிரித்தால் யாருடைய நோய் போகும் என்று அந்தக் குரல் சொல்லாது.

நோய் என் அக்காவுக்கு வந்தது. எங்கள் மூன்று பேரில் அவள்தான் மூத்தவள். தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தபோது குரல் நரம்பு ஒன்று போய்விட்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவள் பேசவே இல்லை. கரண்டியால் தட்டைத் தட்டினால் சாப்பாடு வேண்டும். டம்ளரைத் தட்டினால் தண்ணி. எங்கள் வீட்டுப் பேச்சே அந்த டங், டங்தான்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள்.

"எனக்கு... கொஞ்சம்... தண்ணி."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்தாள். இழுக்கும்போது எண்ணெய் போடாத கதவு மாதிரி 'கீ' என்று சத்தம் வந்தது. எங்களுக்கு அது சத்தமாகவே தெரியவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் எழுந்து ஓடிப்போய் தண்ணீர் கொண்டுவந்தான். ஊற்றும்போது பாதி மேஜையில் கொட்டியது. அவன் அழுதான். நான் பார்த்தேன். அதைப் பார்த்ததால்தான் இன்றைக்கு எனக்கு இவ்வளவு ஆத்திரம். அழாத ஒருவன் செய்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

அக்கா மெல்ல மெல்லப் பேச்சைத் திரும்பக் கற்றாள். பஸ் நிலையத்தில் விசாரணை கவுன்ட்டர் அவளுடையது. கண்ணாடிக்குப் பின்னால் மைக் வைத்த சீட். வேறு வேலை தருகிறோம் என்று மேலதிகாரி சொன்னபோது மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். நீளமான பெயர்களைச் சொல்ல எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பழகினாள். சீட்டில் போய் உட்கார்ந்தாள். பயணிகள் முதலில் முழித்தார்கள், பிறகு காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்கப் பழகிக்கொண்டார்கள். அவ்வளவுதான். உலகம் அவ்வளவு நல்லதாகத்தான் இருந்தது.

பிறகு அண்ணன் 'ஊதல் அக்கா'வைக் கொண்டுவந்தான்.

சுருட்டை முடி விக், சோடாபுட்டிக் கண்ணாடி, தொங்கிப்போன பழுப்பு ஸ்வெட்டர். எந்த ஸ்கிட்டில் வந்தாலும் கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, "எனக்கு... கீ... கொஞ்சம்... கீ... தண்ணி" என்பான். அரங்கமே எழுந்து குதிக்கும்.

அவன் அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். முதல் வாரம் டிவியில் பார்த்தபோது அவளே சிரித்தாள். தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அண்ணன் இன்றுவரை சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

"அவ என்ன கண்ணாடியா போடறா? சுருட்டை முடியா அவளுக்கு? அப்புறம் எப்படிடி அது அவளாகும்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டான். "ஊர்ல தொண்டை போனவ இவ ஒருத்திதானா?"

ஊரில் மைக் வைத்துப் பேசுகிற, தொண்டை போனவள் இவள் ஒருத்திதான்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பெரிய பெட்டியோடு வந்த ஓர் ஆள், கண்ணாடியில் இருக்கும் வட்ட ஓட்டை வழியாக அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பின்னால் வரிசையே சிரித்தது. அடுத்த நாள் இரண்டு பேர் நீட்டினார்கள். அவள் அறிவிப்புச் சொன்னால், கூடத்தின் மூலைகளிலிருந்து 'கீ, கீ' என்று பதில் வந்தது. எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்று யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு கிழவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு வந்து, உன்னால்தான் என்று அவளைத் திட்டினார்.

அக்கா வீட்டில் பேச்சை நிறுத்தினாள். வாயை கவுன்ட்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். கரண்டிச் சத்தம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

டங்.

சனிக்கிழமை மாலை அவளை அழைத்துவர நான் போயிருந்தேன். மேலதிகாரி கவுன்ட்டருக்குள் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் கொதிக்கிறது.

"இந்த ஞாயிறும் அது வந்துச்சுன்னா திங்கக்கிழமை உன்னை இந்த சீட்ல வெக்க முடியாதும்மா. வரிசை சர்க்கஸ் மாதிரி ஆகுது. பார்சல் ரூமுக்குப் போயிடு. அங்க யார்கிட்டயும் பேசவே வேணாம்."

சலுகை தருவது போலச் சொன்னார். அக்கா மைக்கை அணைத்தாள், துணியால் துடைத்தாள், உறையைப் போட்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி அம்மா அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் தனி வீட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் இங்கே சாப்பிட வருவான். போனை அம்மா மேஜைமேல் வைத்திருந்தாள், எல்லோருக்கும் கேட்டது.

"சரிம்மா, சரிம்மா. இந்த வாரம் வராது. நான் பாத்துக்கறேன். போதுமா?"

அக்கா தட்டைக் கழுவப் போனாள். போகும்போது என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். அவள் சந்தோஷமாக இருந்தால் அப்படிச் செய்வாள்.

ஞாயிறு காலை எங்களுக்கு முழு ஒத்திகை. நிஜ ஜனங்களை உட்காரவைத்து எல்லா ஸ்கிட்டையும் ஒருமுறை நடித்துக் காட்டுவார்கள். சிரிப்பு வராததைத் தூக்கிவிடுவார்கள். நிறையச் சிரிப்பு வந்ததைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். ஸ்கிட்டுகளின் பெயர் எழுதிய அட்டைகளைச் சுவரில் ஒரு பலகையில் குத்தி வைத்திருப்பார்கள். அங்கே போய்ப் பார்த்துத்தான் நான் துணிகளை வரிசையாக மாட்ட வேண்டும்.

'ஊதல் அக்கா: பஸ் ஸ்டாண்ட்' என்று ஓர் அட்டை இருந்தது.

போய் செட்டைப் பார்த்தேன். ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் வட்ட ஓட்டை. உள்ளே மைக். கண்ணாடியின் கீழ்மூலையில் விரிசல் விட்ட மாதிரி வரைந்து, மேலே பழுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். அக்காவின் கவுன்ட்டரில் அதே மூலையில் அதே டேப். ஒட்டினதே அக்காதான்.

ஒத்திகையில் அண்ணன் அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டி ஊர்ப் பெயர் சொன்னான். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று அக்கா பழகியிருந்தாளோ அங்கேயே வாங்கினான். நாலு பயணிகள் வரிசையாக வந்து பாட்டில் நீட்டினார்கள். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் மேலே தொங்கிய விளக்கு ஆடியது. டைரக்டர் தானே வந்து அந்த அட்டையைப் பிடுங்கிக் கடைசி இடத்தில் குத்தினார்.

ஒப்பனை அறைக்குப் போனேன். அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் டீயோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, அம்மாகிட்ட சொன்னியே."

"சொன்னேன்தான். சிரிப்பைக் கேட்டியா? கூரை பிச்சுக்கிட்டுச்சு. இனிமே டைரக்டர் விடுவாரா? நான் என்ன பண்றது?"

"ஒத்திகைக்கே எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"எழுதியாச்சுடி. செட்டு போட்டாச்சு."

"அந்த டேப்பு டைரக்டருக்கு எப்படித் தெரியும்?"

டீ வாய்க்குப் போகாமல் நின்றது. ஒப்பனைக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்.

"அதெல்லாம் யதார்த்தம். அதுக்குத்தான் கைத்தட்டு. உனக்குப் புரியாது."

"நாளைக்கு அவளுக்கு சீட் போயிடும்ண்ணா."

"பார்சல்ல மட்டும் வேற சம்பளமா? நல்லதுன்னு நெனச்சுக்கோ. பேசிப் பேசித் தொண்டை வலிக்க வேணாம்." டீயைக் குடித்தான். "போ, போய் அந்த ஸ்வெட்டரைப் பாரு. ஒட்டுப்பட்டை விட்டுப்போய் ஒத்திகைல முதுகு தெரிஞ்சுது. ஒழுங்கா தைச்சு வை."

எனக்குச் சண்டை போட வராது. கோபம் வந்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுக்குப் போனபிறகுதான் ஞாபகம் வரும். அன்றும் அப்படித்தான் நின்றேன். ஒப்பனைக்காரம்மா எனக்காக ஏதாவது சொல்வாளா என்று பார்த்தேன். அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

போய் ஸ்வெட்டரைத் தைத்தேன். ஊசியை ஏற்றி இறக்கும்போதெல்லாம், என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? உடைப்பிரிவு மாஸ்டர் பக்கத்தில் வந்து, "நேராத்தான் போகுது தையல்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு திட்டமும் என்னிடம் இல்லை. தைத்து முடித்த ஸ்வெட்டரை மடித்து, விக்கையும் கண்ணாடியையும் அதன் மேல் வைத்து, சந்தில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டேன். எப்போதும் செய்வதுதான்.

நேரலை ஆரம்பித்தது. திருடன் ஸ்கிட், கல்யாணத் தரகர் ஸ்கிட், டாக்டர் ஸ்கிட். அண்ணன் வந்தான், போனான், வந்தான். 'சர்', அழுத்து, இரண்டு தட்டு. கடைசி விளம்பரம் விழுந்தது. டாக்டர் கோட்டோடு சந்துக்குள் ஓடி வந்து கண்ணை மூடிக் கையை நீட்டினான். முதுகைப் பற்றி இழுத்தேன். டாக்டர் வந்துவிட்டார். உள்ளே அவனுடைய சாம்பல் நிறப் பனியன், அவனுடைய கால்சட்டை. அவ்வளவுதான்.

நான் தகரப் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்தேன்.

"ம்," என்றான் கண்ணைத் திறக்காமல். "ம்ம். சீக்கிரம்."

கண்ணைத் திறந்தான்.

"என்னடி பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"விளையாடற நேரமா இது? எந்திரி. விளம்பரம் முடியப்போகுது."

"முடியட்டும்."

"பல்லை உடைச்சிடுவேன். விக்கைக் குடுடி."

"எதுக்கு விக்கு?" எனக்கே என் குரல் யாரோ பேசுவது போல இருந்தது. காலையிலிருந்து ஊசிமுனையில் வந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. "அது அக்கா இல்லைன்னு நீதானே சொன்ன? கண்ணாடி அவளோடது இல்ல. முடி அவளோடது இல்ல. ஸ்வெட்டர் அவளோடது இல்ல. அதெல்லாம் பெட்டியிலயே இருக்கட்டும். மிச்சம் என்ன இருக்கோ அதை எடுத்துட்டுப் போ."

என் கையைப் பிடித்து இழுத்தான். பெட்டியின் இரும்புக் கைப்பிடிக்குள் மறு கையை விட்டுக்கொண்டேன். இழுத்தால் பெட்டியும் சேர்ந்து வரும், பலகைச் சுவர் ஆடும், வெளியே தெரியும். அது அவனுக்கும் தெரியும். மாஸ்டர் திரை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்தான். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு குனிந்து கீழே கிடந்த டாக்டர் கோட்டை எடுத்து மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

சந்தின் முனையில் தளப் பொறுப்பாளர் கையை உயர்த்தி விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். நேரலை யாருக்காகவும் நிற்காது.

உட்கார்ந்தபடியே அவன் கையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

உடம்புக்குப் பழக்கம். அந்தத் தட்டு விழுந்தால் கால் போய்விடும். போனான்.

பெட்டியைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன டிவி உண்டு, அதில் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அண்ணன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். ஜனங்கள் விக்கை எதிர்பார்த்துக் கைதட்ட ஆரம்பித்து, கைதட்டல் நடுவில் குழம்பிப்போய் நின்றது. முதல் பயணியாக நடித்தவர் வந்து பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். அண்ணன் பழக்கப்பட்டவன், சமாளிக்கப் பார்த்தான். ஓட்டை வழியாகத் தலையை நீட்டி ஊர்ப் பெயரைச் சொன்னான். மூச்சை இழுத்தான். கீ.

யாரோ ஒருவர் சிரித்தார். ஒரே ஒருவர். அதுவும் பாதியில் நின்றது.

அவன் இன்னும் சத்தமாக இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. விக் இல்லாத தலை, கண்ணாடி இல்லாத கண். அவனுடைய மூக்கும் நெற்றியும் அக்காவுடையது மாதிரியே இருக்கும், சின்ன வயதில் இருந்தே எல்லோரும் சொல்வார்கள். மூச்சுக்குத் திணறுகிற ஓர் ஆளைத்தான் அரங்கம் பார்த்தது. முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ, என்னாச்சு அவருக்கு?" என்று கேட்டது மைக்கிலேயே விழுந்தது. பாட்டில் நீட்ட வேண்டிய நடிகர் நீட்டினார். அவருக்கே கை கூசியது போல, பாதி தூரம்தான் நீட்டினார்.

"எனக்கு..." என்றான் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன சொல் என்று நாடே அறியும். அவன் சொல்லவில்லை. சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

டைரக்டர் சந்துக்குள் வந்தபோதும் நான் பெட்டிமேல்தான் இருந்தேன். அவர் பேசியதெல்லாம் எழுதத் தகுதியில்லாதது. கடைசியில், "இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காத," என்றார். மாஸ்டர் என் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை வாங்கிக்கொண்டார். "என்னோட பழைய நாடா இது. உனக்கு வேற நல்லதா வாங்கிக்கோ," என்றார். வேலையே போனபிறகு நாடா எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா, "அவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி பாவி," என்றாள். அக்கா மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிவி அணைந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள். உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார்க் கதவு அறைந்தது. அண்ணன் உள்ளே வந்தான். அதே பனியன்.

"எங்க அவ? யாரு வேலை வாங்கிக் குடுத்தது உனக்கு? நான்! என் தலையிலயே கையை வெச்சிட்டல்ல? நாடே பாத்துச்சுடி! எல்லாம் போச்சு! என்னை வெச்சுத்தானே இந்த வீட்ல எல்லாரும்..." மூச்சு வாங்கினான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். குரலே மாறியது. "அக்கா, நீயே நியாயத்தைச் சொல்லு. மொத வாரம் பாத்துட்டு நீ சிரிச்சியா, இல்லையா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கே தட்டைத் தட்டிவிடுவாளோ என்று பயந்தேன். தட்டவில்லை.

"சிரிச்சேன்," என்றாள்.

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தக் குரல்.

"பாத்தியாம்மா? அவளே சொல்றா."

"இப்ப... பண்ணு."

"என்னது?"

"அதை. இங்க... என் முன்னாடி... பண்ணு. நல்லா... இருந்தா... சிரிக்கறேன்."

ஒவ்வொரு இடைவெளியிலும் 'கீ' என்றது. அவள் அதை மறைக்கப் பார்க்கவில்லை. கையைத் தழும்புக்குக் கொண்டுபோகவில்லை. மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தம்பியின் வாயையே பார்த்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உதடு அந்த 'எ'வுக்காக விரிந்ததுகூடத் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

"விடுடி, பாவம் அவன்," என்றாள் அம்மா.

"நீ... சும்மா இரும்மா." அக்கா கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு... அந்த சீட்ல... நான்தான் உக்காருவேன். அந்த ஆபீசரு... வேணும்னா... பார்சலுக்குப் போகட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்வார்கள் என்று பார்த்தான் போலிருக்கிறது. அவனுடைய தட்டு மேஜையில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் அம்மா வைத்திருந்தாள். யாரும் பரிமாறவில்லை.

அக்கா டம்ளரைக் கையில் எடுத்தாள். தட்டவில்லை. காலி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு... கொஞ்சம்... தண்ணி."

அம்மா எழப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் அசையவில்லை.

அண்ணன் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். குழாய் வெகுநேரம் ஓடியது. ஒரு டம்ளர் நிரம்ப அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்து மேஜைமேல் வைத்தான். இந்த முறை ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அக்கா அந்த டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.